காப்பீட்டு நிறுவனங்களும் அரசுத் தாக்கல்களும்: எளிமையானது யாருக்கு?

மலருக்கு ஏதாவது ஒரு கட்டுரை தாருங்கள் என்று நம் சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதுவதா, கல்வெட்டு பற்றி எழுதுவதா என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு, இருபது ஆண்டுகளாக நான் விடாமல் படித்து வரும் ஒரு விஷயத்தையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. அது இன்ஷூரன்ஸ், அதாவது காப்பீடு. "பாய் வியாபாரிக்கு இன்ஷூரன்ஸ் சட்டம் எதற்கு?" என்று சிலர் சிரிக்கலாம். எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதியை மும்பைத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அன்று குர்லாவில் இருந்த என் கோடவுனில் மார்பளவு தண்ணீர். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியிருந்த கோரைப்பாய்க் கட்டுகள் அத்தனையும் ஊறிப் போயின. பித்தளைப் பாத்திரம் என்றால் கழுவி எடுத்து வைக்கலாம். கோரை ஒருமுறை ஊறினால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிடும். விலை போட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம் நஷ்டம்.

பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். சர்வேயர் வந்தார். மரியாதையான மனிதர். சேற்றில் நின்றபடியே பாலிசியை வாங்கிப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்தார். எஸ்.டி.எஃப்.ஐ. என்று நான்கு எழுத்து, அதன் பக்கத்தில் 'நீங்கலாக' என்று பொருள்படும் ஒரு சொல். புயல், சூறாவளி, வெள்ளம், நீர்ப்பெருக்கு என்னும் நான்கையும் குறிக்கும் ஆங்கில எழுத்துக்கள் அவை. அந்த நான்கும் என் பாலிசியில் இல்லை. தீப்பிடித்திருந்தால் பணம் வந்திருக்கும். தண்ணீர் வந்ததால் வரவில்லை.

பக்கத்து கோடவுன்காரர் எவர்சில்வர் வியாபாரி. அதே நிறுவனம், அதே பாலிசி. அவருக்குப் பணம் வந்தது, ஏனென்றால் அவர் அந்த நான்கு எழுத்தை நீக்கச் சொல்லவில்லை. நானா சொன்னேன் என்று ஏஜெண்டைக் கேட்டேன். "அண்ணே, நீங்கதானே பிரீமியத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடுன்னு சொன்னீங்க? அதை எடுத்தாத்தான் குறையும்" என்றார். உண்மைதான், சொன்னேன். அதில் மிச்சமானது ஆண்டுக்கு இருநூறு ரூபாய்க்கும் குறைவு.

அவர் மேல் எனக்குக் கோபம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டது நான். ஆனால் ஒரு கேள்வி மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்தப் பாலிசியை எனக்கு முன்னால் யார் படித்துப் பார்த்தார்கள்? அரசாங்கம் பார்த்ததா? பார்த்திருந்தால் என்ன பார்த்தது? ஃபோர்ட் நடைபாதைக் கடையில் 1938ஆம் வருடத்து இன்ஷூரன்ஸ் சட்டப் புத்தகத்தை வாங்கி வந்து படிக்கத் தொடங்கியவன், இன்னும் நிறுத்தவில்லை. அந்தப் படிப்பின் சாரத்தைத்தான் இங்கே தருகிறேன்.

தாக்கல் என்றால் என்ன?

நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இது எளிதாக விளங்கும். கடையில் தராசும் எடைக்கல்லும் வைத்திருக்கிறோம். அவற்றுக்கு அளவைத் துறை முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத கல்லை வைத்து நிறுத்தால் குற்றம். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் நம்மை நம்புகிறார். இது புதிய வழக்கமும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் வந்து குவிந்த பண்டங்களின் மேல் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்பட்ட பிறகே அவை வெளியே போயின என்பதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முத்திரை விழும் வரை சரக்கு நகராது.

காப்பீட்டு நிறுவனம் விற்பது கண்ணால் காணும் சரக்கு அல்ல. அது விற்பது ஒரு வாக்கு. "இன்று நீ பணம் கொடு, நாளை உனக்குத் தீங்கு நேர்ந்தால் நான் தருகிறேன்" என்னும் வாக்கு. பாயைத் தட்டிப் பார்த்து வாங்கலாம், வாக்கைத் தட்டிப் பார்க்க முடியாது. ஆகவேதான் உலகம் முழுவதும் அரசுகள் காப்பீட்டு நிறுவனங்களிடம் பல தாக்கல்களைக் கேட்கின்றன. இந்தியாவில் அவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, பாலிசித் திட்டத்தைப் பற்றிய தாக்கல். பாலிசியின் வாசகம், விண்ணப்பப் படிவம், விளம்பரக் கையேடு, பிரீமியம் கணக்கிட்ட முறை, அந்தக் கணக்கு சரியென்று நிறுவனத்தின் ஆக்சுவரி தரும் சான்று ஆகியவை இதில் அடங்கும். ஆக்சுவரி என்பவர் ஆயுள், நோய், விபத்து இவற்றின் வாய்ப்பைக் கணக்கிட்டு விலை சொல்லும் கணித வல்லுநர்.

இரண்டாவது, பண நிலைமையைப் பற்றிய தாக்கல். வரவு செலவு, முதலீடு, எதிர்காலத்தில் தர வேண்டிய தொகைக்கு எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு எல்லாம் இதில் வரும்.

மூன்றாவது, நடத்தையைப் பற்றிய தாக்கல். எத்தனை கிளெய்ம் வந்தது, எத்தனை கொடுத்தார்கள், எத்தனை மறுத்தார்கள், எத்தனை புகார் என்ற கணக்கு.

இப்போது நடந்திருக்கும் பெரிய எளிமைப்படுத்தல் பெரும்பாலும் முதல் வகையில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே வருவது குழப்பாது.

கொஞ்சம் வரலாறு

இந்தியாவில் ஆயுள் காப்பீடு 1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல் என்ற நிறுவனத்தோடு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுதேசி உணர்ச்சி பெருகிய காலத்தில், பல நிறுவனங்கள் முளைத்தன. 1906இல் சென்னையில் யுனைடெட் இந்தியா தோன்றியது அப்படித்தான். நிறுவனங்கள் பெருகியதும் அரசும் விழித்துக்கொண்டது. 1912இல் வந்த ஆயுள் காப்பீட்டு நிறுவனச் சட்டம், பிரீமிய அட்டவணையை ஆக்சுவரி ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்றது. 1928இல் வந்த சட்டம், நிறுவனங்களிடமிருந்து புள்ளிவிவரம் திரட்டும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. இவற்றையெல்லாம் ஒன்றாக்கி விரிவுபடுத்தியதுதான் 1938ஆம் வருடத்துச் சட்டம். பல திருத்தங்களோடு அந்தச் சட்டத்தின் பெயரைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இருந்தும் மோசடி நின்றதா என்றால், இல்லை. பாலிசிதாரர் பணத்தை முதலாளிகள் தங்கள் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிய கதைகள் வெளிவந்தன. 1955 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி இதைப் பற்றிப் பேசியது பிரசித்தம். 1956 ஜனவரி 19இல் அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பர் 1இல் எல்.ஐ.சி. பிறந்தது. இந்திய நிறுவனங்கள் 154, அந்நிய நிறுவனங்கள் 16, சேமநிதிச் சங்கங்கள் 75, ஆக மொத்தம் 245 அதில் கலந்தன. பொதுக் காப்பீட்டை 1973 ஜனவரி 1 முதல் அரசு எடுத்துக்கொண்டது. 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, தில்லியில் ஓரியண்டல், சென்னையில் யுனைடெட் இந்தியா.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. தாக்கல் செய்த காகிதம் கோப்பில் இருந்தது. பணம் வேறு இடத்தில் இருந்தது. காகிதம் மட்டும் காப்பாற்றாது.

ஒரே விலை, ஒரே வாசகம்

பொதுக் காப்பீட்டில் 1968 திருத்தத்தின் பேரில் டாரிஃப் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. தீ விபத்து, மோட்டார், பொறியியல் போன்ற துறைகளில் இன்ன சொத்துக்கு இன்ன விலை, இன்ன வாசகம் என்று அந்தக் குழு நிர்ணயித்தது. ரேஷன் கடை போலத்தான். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஒரே விலை, ஒரே வாசகம். என் பாலிசி அந்தக் காலத்துப் பாலிசி. வெள்ளத்தை வேண்டாம் என்று நீக்கினால் இவ்வளவு தள்ளுபடி என்பதையும் அந்த அட்டவணையே அனுமதித்தது. அரசு பார்த்து அங்கீகரித்த பாலிசிதான் என்னுடையது. ஆனாலும் நான் நனைந்தேன்.

1999ஆம் வருடத்துச் சட்டத்தின்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2000இல் சட்டபூர்வ அமைப்பானது. இப்போது அதன் தலைமையகம் ஹைதராபாத்தில். தனியார் நிறுவனங்கள் வந்தன. 2007 ஜனவரி 1 முதல் தீ, பொறியியல், மோட்டார் சொந்தச் சேதம் ஆகியவற்றின் கட்டண நிர்ணயம் நீக்கப்பட்டது. மோட்டார் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் இன்றுவரை அரசு நிர்ணயிக்கும் விலைதான். கட்டணக் கட்டு அவிழ்ந்ததும் தீ விபத்து பிரீமியம் மளமளவென்று சரிந்தது. வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம்.

முதலில் தாக்கல், பிறகு விற்பனை

கட்டணம் நீங்கியதும் அரசு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு திட்டத்தையும் முதலில் ஆணையத்திடம் தாக்கல் செய்து, ஆணையம் எழுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அதன் பிறகே விற்க வேண்டும். இதை 'தாக்கல் செய்து பயன்படுத்து' முறை என்பார்கள். நம் புலி முத்திரைதான் இது. முத்திரை விழும் வரை சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்.

நன்மை என்ன? ஏமாற்று வாசகம் சந்தைக்கு வருவதற்கு முன்பே பிடிபடலாம். விலை மிகக் குறைவாக வைத்து நிறுவனம் திவாலாகும் ஆபத்தையும் முன்பே தடுக்கலாம்.

தொல்லை என்ன? ஒரு திட்டத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடியும் தாக்கல். கேள்வி, பதில், மறுகேள்வி என்று மாதங்கள் ஓடும். பெரிய நிறுவனம் இதற்கென்றே ஒரு துறை வைத்துக்கொள்ளும். சிறிய நிறுவனம் திணறும். அந்தச் செலவு எங்கே போகும்? நம் பிரீமியத்தில்தான். கடை வாடகை ஏறினால் சரக்கின் விலையில் ஏறுவதில்லையா, அதுபோல. புதிய நோய், புதிய தொழில், புதிய ஆபத்து வரும்போது அதற்கேற்ற பாலிசி உடனே கிடைக்காது என்பது இன்னொரு குறை.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அரசு பார்த்துவிட்டது என்ற எண்ணத்தில் நிறுவனமும் சரியாகப் பார்ப்பதில்லை, வாங்குபவரும் பார்ப்பதில்லை. முத்திரை ஒரு தூக்க மாத்திரையாகிவிடுகிறது. இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

2022இலும் 2024இலும் நடந்தது

பெரிய வணிக பாலிசிகளுக்கு 2016இலேயே இந்த விதி தளர்ந்தது. ஆனால் நம்மைப் போன்ற குடும்பங்களைத் தொட்ட மாற்றம் 2022 ஜூனில் வந்தது. ஜூன் 1ஆம் தேதி, எல்லா மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கும், ஏறக்குறைய எல்லாப் பொதுக் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் வரிசை மாற்றப்பட்டது. பத்தே நாளில் பெரும்பாலான ஆயுள் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் அது விரிந்தது. அதாவது முதலில் விற்கலாம், பிறகு தாக்கல் செய்யலாம். 'பயன்படுத்தித் தாக்கல் செய்' என்று சொல்லின் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டு சொல் இடம் மாறியது, பொறுப்பும் இடம் மாறியது.

யாரிடமிருந்து யாருக்கு? ஆணையத்திடமிருந்து நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு. ஒவ்வொரு நிறுவனத்திலும் திட்டங்களைப் பரிசீலிக்க ஒரு குழு இருக்க வேண்டும், அது இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி நடக்க வேண்டும். ஆக்சுவரியின் சான்று இன்றும் கட்டாயம். தவறான திட்டம் என்று பின்னால் தெரிந்தால் திருத்தவோ நிறுத்தவோ சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது.

2024 மார்ச்சில் அடுத்த படி. அதுவரை இருந்த 34 ஒழுங்குமுறை விதித் தொகுப்புகளை நீக்கி அவற்றின் இடத்தில் 6 தொகுப்புகளை ஆணையம் வைத்தது. ஆயுள், மருத்துவம், பொது என்று சிதறிக் கிடந்த திட்ட விதிகள் ஒரே தொகுப்பாகி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றை விளக்கும் முதன்மைச் சுற்றறிக்கைகள் மே, ஜூன் மாதங்களில் வந்தன. மே 29இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கை ஒன்றே 55 பழைய சுற்றறிக்கைகளை ரத்து செய்தது. எந்தச் சுற்றறிக்கையை எந்தச் சுற்றறிக்கை திருத்தியது என்று தேடித் தேடி என் போன்றவன் கண் கெட்டது. அந்த வகையில் எனக்கும் நிம்மதி.

தாக்கலைத் தளர்த்திய அதே கையோடு சில உறுதிகளையும் ஆணையம் எழுதி வைத்தது. அவை நமக்கு முக்கியம்.

ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது, 36 மாதமாகக் குறைந்தது. 60 மாதம் தொடர்ந்து மருத்துவ பாலிசி வைத்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, "நீ முன்பு உண்மையை மறைத்தாய்" என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது 8 வருடம். பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது கடைசி அனுமதியை மூன்று மணி நேரத்தில் தர வேண்டும். ஆயுள், மருத்துவ பாலிசி வாங்கிய பிறகு படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. பொதுக் காப்பீட்டில், ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது. வேண்டிய ஆவணத்தை பாலிசி கொடுக்கும்போதே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி.

எது தளரவில்லை?

இங்கே பலரும் குழம்புகிறார்கள். "அரசாங்கம் கையைக் கழுவிட்டுது, இனி தனியார் வைத்ததே சட்டம்" என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் காபி குடித்துக்கொண்டே சொன்னார். அப்படி இல்லை. நான் மேலே சொன்ன இரண்டாம் வகை, மூன்றாம் வகைத் தாக்கல்கள் நிற்கின்றன. தர வேண்டிய கடமைக்கு மேல் நிறுவனம் வைத்திருக்க வேண்டிய கையிருப்புக்கு ஓர் அளவு சட்டத்தில் உண்டு. அந்த அளவு 100 என்றால், ஆணையம் 150 கேட்கிறது. அதில் தளர்வு இல்லை. இன்னும் ஒன்று. 2010 முதல் ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கணக்குகளைத் தன் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எத்தனை கிளெய்ம் எத்தனை நாள் நிலுவையில் இருக்கிறது, எத்தனை புகார் என்பதெல்லாம் அதில் இருக்கும். படிக்கத்தான் ஆள் இல்லை.

தளர்த்தியதை ஆணையமே ஓரிடத்தில் இறுக்கியும் இருக்கிறது. மருத்துவ பாலிசியின் பிரீமியம் முதியோருக்குத் தாறுமாறாக ஏறியது. 2025 ஜனவரி 30இல் ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாக வேண்டும். அந்த வயதைத் தாண்டிய எனக்கு இந்த உத்தரவின் அருமை தெரியும். கயிற்றை முழுதும் விட்டுவிட்டால் மாடு வயலில் இறங்கும் என்பதை ஆணையமும் கண்டுகொண்டது.

என் கருத்து

இந்த எளிமைப்படுத்தல் நல்லதா கெட்டதா என்று கேட்டால், நல்லது என்பேன், ஒரு நிபந்தனையோடு. முன்பு தவறு பிடிபட்டால் விற்பனைக்கு முன் பிடிபடும். இனி விற்பனைக்குப் பின் பிடிபடும். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாலிசியை வாங்கியவர் நாமாக இருக்கலாம். தராசுக்கு முத்திரை இல்லாத சந்தையில் வாங்குபவன் தானே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆக, நிறுவனத்துக்குக் குறைந்த வேலையில் ஒரு பங்கு நம் தலையில் ஏறியிருக்கிறது. அதைச் செய்யத் தயாராக இருந்தால் இந்த மாற்றம் நமக்கும் லாபம். இல்லையென்றால் நிறுவனத்துக்கு மட்டும் லாபம்.

அரசும் இதை உணர்ந்து, படிக்கத் தெரியாதவரும் நம்பி வாங்கும்படி சில பொதுத் திட்டங்களை வகுத்திருக்கிறது. மருத்துவத்துக்கு 2020 முதல் ஆரோக்ய சஞ்சீவனி. ஆயுளுக்கு 2021 முதல் சரல் ஜீவன் பீமா. வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் 2021 ஏப்ரல் முதல் 'பாரத்' என்று தொடங்கும் மூன்று திட்டங்கள். இவற்றின் வாசகம் எந்த நிறுவனத்திலும் ஒன்றே, விலைதான் மாறும். 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள கடைக்கும் கோடவுனுக்கும் உள்ளது பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா. வெள்ளம் அதில் அடங்கியே வருகிறது. சொத்து மதிப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டிவிட்டாலும், குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் கிளெய்மில் வெட்டுவதில்லை. 2005இல் இது இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

வெளிமாநிலத் தமிழர் கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் நமக்கென்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் ஏஜெண்ட் ஒருவர் தகப்பனார் பெயரை எழுதுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார், மூன்றாமவர் ஊர்ப் பெயரையே போட்டுவிடுவார். ஆதாரில் ஒரு மாதிரி, பேனில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி. 2023 ஜனவரி முதல் எந்த பாலிசி வாங்கினாலும் அடையாள ஆவணம் கட்டாயம். கிளெய்ம் நேரத்தில் இந்தப் பெயர் வேற்றுமைதான் முதலில் குறுக்கே நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். நாமினி பெயருக்கும் இதே விதி. ஊரில் இருக்கும் அம்மாவை நாமினியாகப் போட்டால் அவர்கள் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள்.

இரண்டு, மொழி. நம்மில் பலர், குறிப்பாக வீட்டுப் பெண்கள், பேச்சு இந்தியில் சமாளிப்பார்கள், படிக்க வராது. ஏஜெண்ட் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப் போட்டால், வாசகம் முழுவதும் விளக்கிச் சொல்லப்பட்டது என்று ஒருவர் உறுதிமொழி எழுத வேண்டும். பெரும்பாலும் ஏஜெண்டே யாரையாவது பிடித்து எழுத வைத்துவிடுகிறார். இனி அதை உங்களுக்குத் தெரிந்த தமிழர் ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொன்ன பிறகு எழுதட்டும். பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாள் என்ற ஒன்றை நிறுவனம் கட்டாயம் கொடுக்க வேண்டும். எது உண்டு, எது இல்லை, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், புகார் எங்கே செய்வது என்று சுருக்கமாக அதில் இருக்கும். பாலிசிதாரர் விரும்பினால் அதை உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மும்பையில் பிறந்து மராத்தி படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். தமிழிலேயே தர முடியுமா என்றும் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

மூன்று, எண். பாலிசியில் யு.ஐ.என். என்று ஓர் அடையாள எண் அச்சிட்டிருக்கும். தாக்கலான திட்டத்துக்கு உரிய எண் அது. அதில் 'வி' என்ற எழுத்துக்குப் பின் வரும் எண், அந்தத் திட்டத்தின் எத்தனையாவது திருத்தம் என்பதைக் காட்டும். வருடா வருடம் புதுப்பிக்கும்போது இதைப் பாருங்கள். போன வருடம் இருந்த எண் மாறியிருந்தால், திட்டத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். என்ன மாறியது என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

நான்கு, முறையீடு. கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத் எல்லா ஊரிலும் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். தனிநபர் மட்டுமல்ல, சொந்தப் பெயரில் நடத்தும் சிறு கடைக்காரரும் போகலாம். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நம்மவர்கள் "போனால் போகட்டும், ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் வம்பு எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள். இது வம்பு அல்ல, உரிமை.

முடிவாக

1912இல் ஆக்சுவரியின் கையெழுத்தில் தொடங்கி, கட்டண அட்டவணை, முன்தாக்கல், பின்தாக்கல் என்று வந்திருக்கிறோம். ஒவ்வொரு காலத்திலும் அரசு ஒரு கதவைத் திறந்து ஒரு கதவைச் சாத்தியிருக்கிறது. எந்தக் காலத்திலும் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் பாலிசிதாரர்தான். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் பத்து நிமிடம் படிக்கும் வேலையை எந்தச் சட்டமும் நமக்காகச் செய்துவிட முடியாது.

குர்லா கோடவுன் இன்றும் இருக்கிறது. பாய்க்கட்டுகளைத் தரையிலிருந்து மூன்றடி உயரப் பலகை மேல் அடுக்குகிறோம். இப்போது மகன்தான் வியாபாரத்தைப் பார்க்கிறான். வருடா வருடம் பாலிசி வந்ததும் அவன் முதலில் அதை என்னிடம்தான் கொடுப்பான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவேன். "இருக்குப்பா, நான் பார்த்துட்டேன்" என்பான். இருந்தாலும் நானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பேன். இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள் இன்று இரவே உங்கள் பீரோவில் இருக்கும் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரை எழுதியதன் பலன் எனக்குக் கிடைத்துவிடும்.